கி-67 நடுவில் நின்றால்: கீமோவா, மாத்திரையா? எந்தச் சோதனையை நம்புவது?

"அண்ணே, அம்மாவோட ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன். ஒரு டாக்டர் கீமோ போட்டுடலாம்ங்கிறார். இன்னொருத்தர் அமெரிக்காவுக்கு ஒரு டெஸ்ட் அனுப்பிப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்ங்கிறார், லட்சக்கணக்குல ஆகுமாம். சித்தப்பா மாத்திரையே போதும்ங்கிறார். நாங்க யார் பேச்சைக் கேக்கறது?"

இந்த மாதிரி ஒரு செய்தி மாதத்துக்கு ஒன்றிரண்டாவது வந்துவிடுகிறது. ஆள் வேறு, ஊர் வேறு, ரிப்போர்ட் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எல்லாமே மார்பகப் புற்று ரிப்போர்ட். அவற்றையெல்லாம் சேர்த்து ஒரே ரிப்போர்ட்டாக இங்கே வைத்துக்கொள்கிறேன். வயது 56, மாதவிடாய் நின்றாகிவிட்டது. கட்டி 2.1 செ.மீ., கிரேடு 2 (செல்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன என்பதற்கு 1 முதல் 3 வரை தரும் எண்). அக்குளில் எடுத்த நிணநீர்க் கணுக்களில் புற்று இல்லை. ஈ.ஆர். 90%, பி.ஆர். 20%, ஹெர்-2 1+, கி-67 22%.

நான் மருத்துவர் இல்லை. திசு ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருபது வருடத்துக்கு மேல் பிளாக் (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி) வெட்டி ஸ்லைடு போட்டவன். கீமோ வேண்டுமா வேண்டாமா என்று சொல்வது என் வேலை இல்லை. ஆனால் அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன, எங்கே பிசகுகின்றன என்பது எனக்குத் தெரியும்.

## அந்த நான்கு எண்கள் என்ன சொல்கின்றன

கட்டியிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய ஒரு சீவலை வெட்டி, குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் எதிர்ப்பொருளை அதன்மேல் விட்டு, ஒட்டிய இடம் பழுப்பாகத் தெரியும்படி சாயம் ஏற்றுவோம். இதுதான் ஐ.எச்.சி. எத்தனை செல் பழுத்திருக்கிறது (பழுப்பேறியிருக்கிறது), எவ்வளவு அழுத்தமாகப் பழுத்திருக்கிறது என்று நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து எழுதுவதுதான் ரிப்போர்ட்டில் உள்ள எண்.

ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் புரதங்கள். செல்லின் உட்கருவில் பழுப்பு தெரியும். 100 புற்றுச் செல்லில் ஒன்று பழுத்தாலே ஈ.ஆர். பாசிட்டிவ் என்று கணக்கு. 1 முதல் 10 வரை உள்ளதை 2020-ல் இருந்து 'குறைந்த பாசிட்டிவ்' என்று தனியாகக் குறிக்கிறார்கள், ஏனென்றால் அந்தக் கட்டிகளில் பலவற்றின் நடத்தை நெகட்டிவ் கட்டிகளைப் போலத்தான் இருக்கிறது. 90% என்றால் பேச்சே இல்லை, ஹார்மோன் மாத்திரை உண்டு. அதை லேசாக எண்ண வேண்டாம். டாமாக்ஸிஃபென் ஐந்து வருடம் ஒழுங்காகச் சாப்பிட்டால் புற்று திரும்புவது அந்த வருடங்களில் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது, நீண்ட காலத்தில் மார்பகப் புற்றால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் இன்னும் கொஞ்சம் மேல்.

ஹெர்-2 செல்லின் சவ்வில் இருக்கும் புரதம். 0, 1+ இரண்டும் நெகட்டிவ். 3+ பாசிட்டிவ். 2+ என்றால் முடிவில்லை, ஃபிஷ் சோதனை செய்து மரபணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். 1+ என்பதைப் பார்த்துவிட்டு இணையத்தில் 'ஹெர்-2 லோ' என்று தேடிப் பதறுகிறவர்கள் உண்டு. அந்தப் பிரிவுக்கான டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் என்ற மருந்து, 2022-ல் வந்த ஆய்வை ஒட்டி, உடலில் பரவிய நோய்க்குப் பயன்படுத்துவது. இந்த அம்மாவின் இன்றைய முடிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கடைசியாக கி-67. பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்லில் மட்டும் தெரியும் புரதம். (ஜெர்மனியின் கீல் நகரத்தில், சோதனைத் தட்டின் 67-வது குழியில் கிடைத்த எதிர்ப்பொருள் என்பதால் இந்தப் பெயர். வேறு மர்மம் எதுவும் இல்லை.) நான்கில் அதிகம் சண்டை மூட்டுவது இதுதான்.

## யாருக்கு இந்தக் குழப்பமே இல்லை

ஹெர்-2 3+ வந்தவர்கள், அல்லது ஃபிஷ்-ல் பாசிட்டிவ் ஆனவர்கள்: டிராஸ்டுசுமாப் ஊசியும் கூடவே கீமோவும் என்பதுதான் வழக்கமான பாதை, மிகச் சின்னக் கட்டிக்கு மட்டும் யோசிப்பார்கள். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றும் இல்லாத டிரிபிள் நெகட்டிவ்: ஹார்மோன் மாத்திரைக்குப் பிடிமானமே இல்லை, கீமோதான் முதுகெலும்பு. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கணுக்களில் புற்று இருப்பவர்களுக்கும் கீழே சொல்லும் சோதனைகள் பெரும்பாலும் பொருந்தாது. இவர்களிடம் யாராவது லட்ச ரூபாய்ச் சோதனை ஒன்றைச் சொன்னால், எதற்கு என்று ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள்.

குழப்பம் ஈ.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ், கணு பூஜ்ஜியம் அல்லது ஒன்று முதல் மூன்று என்று வருகிறவர்களுக்கு. மார்பகப் புற்றில் பெரிய கூட்டம் இதுதான்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: விடை எதுவாக வந்தாலும் நீங்கள் செய்யப்போவது ஒன்றுதானா? 74 வயது, இதயம் பலவீனம், கீமோ தாங்காது என்று மருத்துவர் ஏற்கனவே சொல்லிவிட்டார் என்றால், சோதனை எதைச் சொன்னாலும் மாத்திரைதான். அங்கே செலவழிப்பது வீண்.

இரண்டாவது கேள்வியைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். 'புற்று திரும்பி வருமா' என்பது ஒன்று. 'கீமோ போட்டால் அது குறையுமா' என்பது வேறொன்று. முதலாவதைச் சொல்லும் சோதனை எல்லாம் இரண்டாவதைச் சொல்லிவிடாது. ஆபத்து அதிகமாக இருந்தும் கீமோவால் பெரிய பலன் கிடைக்காத கட்டிகள் உண்டு.

அப்புறம், எண் எவ்வளவு நம்பகம், பணம், நாள். நாளுக்கு ஓர் எல்லை இருக்கிறது. அறுவை முடிந்து 90 நாளைத் தாண்டிக் கீமோ தொடங்கினால் பலன் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான்கைந்து வாரத்துக்குள் தொடங்கவே பார்ப்பார்கள். எனவே சோதனைக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு.

## வழி ஒன்று: கையில் இருக்கும் ரிப்போர்ட்டை வைத்தே முடிவெடுப்பது

கூடுதல் செலவு இல்லை, காத்திருப்பு இல்லை. எண்கள் ஓரத்தில் நின்றால் இது போதும். கட்டி ஒரு செ.மீ., கிரேடு 1, ஈ.ஆர்., பி.ஆர். இரண்டும் உச்சத்தில், கி-67 4% என்றால் மாத்திரை. கட்டி நான்கு செ.மீ., கிரேடு 3, பி.ஆர். பூஜ்ஜியம், கி-67 55% என்றால் பெரும்பாலும் கீமோ. இரண்டு பேருக்கும் மேலே சோதனை தேவையில்லை என்பது என் எண்ணம்.

கி-67 பற்றி ஆராயும் சர்வதேசக் குழுவே இதைத்தான் சொல்கிறது: இந்த வகைக் கட்டிகளில் 5% அல்லது அதற்குக் கீழே, 30% அல்லது அதற்கு மேலே என்றால் அந்த எண்ணை நம்பலாம், இடையில் உள்ளதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒரே ஸ்லைடை இரண்டு பேர் பார்த்தால் ஒருவர் 15 என்பார், மற்றவர் 25 என்பார். அதிகம் பழுத்த மூலையை மட்டும் எண்ணுகிறாரா, முழுக் கட்டியையும் சராசரியாக எண்ணுகிறாரா என்பதிலேயே வித்தியாசம் வந்துவிடும். எல்லைக்கோடும் நிலையாக நிற்கவில்லை. 14% என்றார்கள், பிறகு 20% என்றார்கள். நம் அம்மாவின் 22 சரியாக இந்தச் சேற்றில் நிற்கிறது.

இந்த வழியில் போகிறவர்கள் மருத்துவரிடம் 'பிரெடிக்ட்' என்ற இலவசக் கணிப்பானைத் திறந்து காட்டச் சொல்லலாம். இங்கிலாந்தில் உருவானது. வயது, கட்டி அளவு, கிரேடு, கணு, இந்தப் புரத விடைகள் எல்லாவற்றையும் கொடுத்தால், நூறு பெண்களில் அறுவை மட்டும் செய்தால் பத்து வருடத்தில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள், மாத்திரை சேர்த்தால் எத்தனை, கீமோவும் சேர்த்தால் எத்தனை என்று காட்டும். கீமோவால் கூடுவது ஒருவரா, ஆறு பேரா என்று படமாகப் பார்க்கும்போது வீட்டில் பேச்சே மாறிவிடும். பிரிட்டிஷ் பெண்களின் தரவில் கட்டியது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: குழப்பமான எண்ணை வைத்துக்கொண்டு 'எதற்கும் போட்டுவிடலாம்' என்று கீமோ போடுவது. காப்பீட்டில் கீமோவுக்கு இடம் இருக்கும். வெள்ளணு ஏற்றும் ஊசி, ஊர்விட்டு ஊர் வந்து தங்கும் அறை, உடன் வருபவரின் சம்பளம் எல்லாம் பெரும்பாலும் கைக்காசு. கீமோவைத் தவிர்க்க உதவும் சோதனைக்கும் அதே கைக்காசுதான். கீமோ இலவசம், அது வேண்டாம் என்று சொல்லும் சோதனைக்குக் காசு என்றால், காசில்லாதவர் எந்தப் பக்கம் தள்ளப்படுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

## வழி இரண்டு: அதே பிளாக்கை வேறோர் இடத்தில் படிக்கவைப்பது

என் கட்சி எது என்று கேட்டால் இதுதான். வேறு எந்தச் சோதனைக்கும் முன்னால் இது. சில ஆயிரம் ரூபாயில் முடியும். ஒரு வாரத்தில் விடை வரும். ஆனாலும் இதைச் செய்கிறவர்கள் குறைவு.

ஏன் என்று சொல்கிறேன். எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் விழ வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் அதில் ஊற வேண்டும். திசுவின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு திரவம் வேண்டும். ஃபார்மலின் உள்ளே ஊறுவது மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். முழு மார்பை எடுத்து நறுக்காமல் அப்படியே பாட்டிலில் போட்டால், வெளித்தோல் பதப்பட்டு நடுவே அழுகும்.

இதெல்லாம் பாடப்புத்தகம். நான் பார்த்தது வேறு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஒரு நர்சிங் ஹோமில் எடுத்த மார்பை நோயாளியின் மகனே பஸ்ஸில் எடுத்து வந்தார். வாய் குறுகிய ஊறுகாய் பாட்டில். திசு பிதுங்கிக்கொண்டிருக்கிறது, ஃபார்மலின் பாதிக்குக் கீழே. காலையில் பதினோரு மணிக்கு அறுவை. அந்தத் திசுவில் ஈ.ஆர். 0 என்று வந்தது. எங்கள் டாக்டரம்மா ஸ்லைடில் பக்கத்தில் இருந்த சாதாரணப் பால்குழாய்களைப் பார்த்தார்கள். அவை கட்டாயம் பழுத்திருக்க வேண்டும். அவையும் வெள்ளையாக இருந்தன. அப்படியென்றால் கட்டியில் ஹார்மோன் புரதம் இல்லை என்று அர்த்தமில்லை, சாயமே ஏறவில்லை என்று அர்த்தம். அறுவைக்கு முன் எடுத்த ஊசி பயாப்ஸியின் பிளாக்கைத் தேடி வாங்கி மறுபடி போட்டோம். ஈ.ஆர். நன்றாகவே பாசிட்டிவ். விட்டிருந்தால் அந்த அம்மாவுக்கு ஐந்து வருட மாத்திரை கிடைத்திருக்காது.

ஆகவே மறுவாசிப்புக்குப் போகும்போது முடிந்தால் ஊசி பயாப்ஸியின் பிளாக்கையும் சேர்த்துக் கொடுங்கள். நூல் மாதிரியான மெல்லிய திசு, சட்டென்று பதப்படும். புரதங்கள் அதில் நன்றாகத் தங்கும். மார்பகப் புற்று நிறையப் பார்க்கும் ஆய்வகமாக இருக்கட்டும். கிரேடையும் மறுபடி எழுதச் சொல்லுங்கள். கிரேடு 2 என்பது 1 ஆகவோ 3 ஆகவோ மாறினாலே பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும்.

குறை: மறுவாசிப்பிலும் கி-67 18% என்று வந்தால் திரும்ப அதே சேற்றில்தான் நிற்பீர்கள்.

## வழி மூன்று: கேன்அசிஸ்ட்

பெங்களூரின் ஆன்கோஸ்டெம் நிறுவனம் இந்தியப் பெண்களின் கட்டிகளை வைத்து உருவாக்கியது. இதுவும் ஐ.எச்.சி.தான், ஆனால் பார்க்கும் புரதங்கள் வேறு. செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதற்கும், மருந்தை வெளியே தள்ளுவதற்கும் தொடர்புடைய ஐந்து புரதங்களின் அளவை எடுத்து, கட்டி அளவு, கிரேடு, கணு மூன்றையும் சேர்த்துக் கணினி ஒரு மதிப்பெண் தரும். 100-க்கு 15.5 எல்லை. அதற்குக் கீழே என்றால் ஐந்து வருடத்துக்குள் வேறு உறுப்பில் புற்று தோன்றும் ஆபத்து குறைவு, மேலே என்றால் அதிகம். நடுவில் ஒரு மூன்றாவது பெட்டி கிடையாது; குழம்பிக் கிடக்கும் குடும்பத்துக்கு அது பெரிய நிம்மதி.

விலை, அமெரிக்காவுக்கு அனுப்பும் ஆன்கோடைப் சோதனையைவிடப் பல மடங்கு குறைவு. பிளாக் நாட்டைவிட்டுப் போக வேண்டாம். ஆனால் மேலே சொன்ன இரண்டாவது கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள். இது திரும்பி வரும் ஆபத்தைச் சொல்கிறது. ஒரு பாதிப் பேருக்குக் கீமோ, மறுபாதிக்கு மாத்திரை மட்டும் என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பல ஆயிரம் பெண்களைத் தொடர்ந்து பார்த்த சான்று இதற்கு இல்லை. 'குறைந்த ஆபத்து' என்று வந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆபத்தே குறைவு என்னும்போது கீமோ சேர்க்கக்கூடியதும் குறைவுதான். 'அதிக ஆபத்து' என்று வந்தால் கீமோ உதவும் என்பது ஊகம், நிரூபணம் அல்ல.

இன்னொன்று, ஐ.எச்.சி. என்பதால் மோசமாகப் பதப்பட்ட பிளாக் இதையும் கெடுக்கும்.

## வழி நான்கு: ஆன்கோடைப்

இது புரதத்தை விட்டுவிட்டு ஒரு படி மேலே போய், புரதம் செய்யும் கட்டளையான ஆர்.என்.ஏ.-வை அளக்கிறது. 21 மரபணு. 16 கட்டிக்கானவை, 5 ஒப்பிட்டுப் பார்க்க. அந்த 16-க்குள்ளேயே ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2, கி-67 எல்லாம் இருக்கின்றன என்பது ஒரு வேடிக்கை. 0 முதல் 100 வரை மதிப்பெண்.

இதன் பலம் சான்றில். டெய்லர்எக்ஸ் என்ற ஆய்வில் கணுவில் புற்று இல்லாத பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். 11 முதல் 25 வரை மதிப்பெண் வந்தவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒன்பது வருடத்தில், நோய் எதுவும் இல்லாமல் இருந்தவர்கள் மாத்திரை மட்டும் எடுத்த அணியில் 83.3%, கீமோவும் சேர்த்த அணியில் 84.3%. இறப்பில் வித்தியாசமே இல்லை. 2018-ல் இது வெளியான பிறகு எத்தனையோ பெண்கள் முடி கொட்டாமல் தப்பித்தார்கள். 26 அல்லது அதற்கு மேல் என்றால் கீமோ. கணு ஒன்று முதல் மூன்று வரை உள்ளவர்களில், மாதவிடாய் நின்றவருக்கு 25 வரை கீமோவால் பலன் தெரியவில்லை என்று 2021-ல் ஆர்எக்ஸ்பாண்டர் என்ற ஆய்வு காட்டியது.

இளவயதுக்காரர்களுக்குக் கதை வேறு. 50 வயதும் அதற்குக் கீழும் இருந்து 16 முதல் 25 வரை வந்தால், கொஞ்சம் பலன் இருந்தது. கணுவில் புற்று இருந்து மாதவிடாய் நிற்காதவர்களுக்கும் பலன் இருந்தது. அதில் ஒரு பங்கு, கீமோ சினைப்பையைச் செயலிழக்கச் செய்வதால் வரும் பலனாக இருக்கலாம். அப்படியானால் சினைப்பையை அடக்கும் ஊசியே போதுமா என்ற விவாதம் ஓயவில்லை. நம் நாட்டில் மேற்கைவிடச் சராசரியாகப் பத்து வயது முன்னதாகவே இந்த நோய் வருகிறது. 42 வயதில், மதிப்பெண் 19 என்று வந்தால், லட்சம் கொடுத்து வாங்கிய விடையும் 'பேசி முடிவெடுங்கள்' என்றுதான் சொல்லும்.

மறைந்திருக்கும் செலவு: பார்சல் நாளையும் சேர்த்தால் இரண்டு வாரம் எளிதில் ஓடிவிடும். சீவல்கள் நிறைய வேண்டும், சின்னக் கட்டி என்றால் பிளாக்கே தீர்ந்துபோகலாம். டெய்லர்எக்ஸ் நடந்த ஆறு நாடுகளில் இந்தியா இல்லை.

## எல்லாம் ஒரே பார்வையில்

| | கையிலுள்ள ரிப்போர்ட் | மறுவாசிப்பு | கேன்அசிஸ்ட் | ஆன்கோடைப் |
|---|---|---|---|---|
| அளப்பது | நான்கு புரதங்கள் | அதே நான்கு, கிரேடும் | ஐந்து வேறு புரதங்கள் | 21 மரபணு |
| திரும்பும் ஆபத்தைச் சொல்லுமா | ஓரங்களில் மட்டும் நன்றாக | அதேதான், பிழை குறைவு | சொல்லும் | சொல்லும் |
| கீமோ பலனைச் சொல்லுமா | நேரடியாக இல்லை | நேரடியாக இல்லை | நிரூபணம் இல்லை | சொல்லும் |
| செலவு | இல்லை | ஆயிரங்களில் | நடுத்தரம் | லட்சங்களில் |
| காத்திருப்பு | இல்லை | ஒரு வாரம் | ஒன்றிரண்டு வாரம் | இரண்டு வாரமும் மேலும் |

## அறுவை இன்னும் ஆகவில்லை என்றால்

பட்டியலில் சேராத ஒரு வழி இருக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு அறுவைக்கு முன் இரண்டு வாரம் லெட்ரோசோல் அல்லது அனஸ்ட்ரோசோல் கொடுத்து, கி-67 எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. பிரிட்டனில் நடந்த போயட்டிக் ஆய்வில், ஈ.ஆர். பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் கட்டிகளில், அதிகமாக இருந்த கி-67 மாத்திரையால் 10%-க்குக் கீழே இறங்கியவர்களில் ஐந்து வருடத்தில் 8.4% பேருக்கு நோய் திரும்பியது. இறங்காதவர்களில் 21.5%. ஒற்றை எண்ணாக நம்ப முடியாத கி-67, முன்னும் பின்னும் என்று இரண்டு எண்ணாக வரும்போது பேச ஆரம்பிக்கிறது. மாத்திரை விலை சொற்பம். ஆனால் நம் பக்கம் கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

## அந்த அம்மாவுக்கு

தொடக்கத்தில் உள்ள செய்தியை அனுப்பிய பையனிடம் நான் சொன்னது இது. முதலில் பிளாக்கை மறுபடி படிக்கவை. கிரேடு, பி.ஆர்., கி-67 மூன்றும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டால் அத்தோடு நிறுத்து. அப்போதும் நடுவிலேயே நின்று, கீமோவைத் தாங்கும் உடம்பாகவும் இருந்து, கடன் வாங்காமல் முடியும் என்றால் ஆன்கோடைப். 56 வயதுக்கு அது தரும் விடை தெளிவானது. கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் கேன்அசிஸ்ட் போதும், குறைவு என்று வந்தால் நிம்மதியாக மாத்திரைக்குப் போகலாம், அதிகம் என்று வந்தால் டாக்டரிடம் பிரெடிக்டைத் திறந்துவைத்துப் பேசு. அம்மாவுக்கே 42 வயதாக இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

"ஊசி பயாப்ஸி எடுத்தது வேற ஆஸ்பத்திரிண்ணே, பிளாக் அங்கேயே கிடக்கு," என்றான். செவ்வாய்க்கிழமை வாங்கப் போகிறான். பிளாக்கின் மேல் எழுதியிருக்கும் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள பயாப்ஸி எண்ணும் ஒன்றுதானா என்று கவுன்டரிலேயே நின்று பார்த்துவிட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். வண்டி டாங்க் கவரில் வைத்து வெயிலில் நிறுத்தாதே என்றும். மெழுகு உருகிவிடும்.